லண்டன் சான்றிதழும் எங்கள் ஊடகப் பாடமும்

சாதாரண தரப் பெறுபேறு வந்து, உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் வாரத்தில் ஆசிரியர் அறையில் இருந்து பார்த்தால் நம் பெற்றோரின் மனம் நன்றாகத் தெரியும். விஞ்ஞானம், வர்த்தகம் என்றால் கையொப்பம் உடனே விழும். கலைப்பிரிவு என்றால் கொஞ்சம் யோசனை. அந்தக் கலைப்பிரிவிலும் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்று பிள்ளை எழுதியிருந்தால் வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "மீடியா படிச்சு என்னத்தச் செய்யப் போற மகள்? டீவியில போய் நிக்கவா?" என்பார். உம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, "மத்தப் பாடம் ஒன்டும் வராதவங்கதானே அத எடுக்கிற" என்று சேர்த்துச் சொல்வார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

இதே ஊரில், இதே வசதியுள்ள வீடுகள் சிலவற்றிலிருந்து, பிள்ளை உயர்தரம் எழுதி முடித்த பிறகு எனக்குத் தொலைபேசி வரும். "டீச்சர், நீங்க லண்டன்ல சமர் ஸ்கூல் ஒன்டு செஞ்சீங்களாமே. மீடியா, கலாசாரம், கம்யூனிகேஷன் என்டு. மகளையும் அனுப்பலாமா? அந்த செர்டிபிகேட்டுக்குப் பெறுமதி இருக்கா?" இங்கே வேண்டாம் என்று விலக்கிய அதே பாடம், விமானம் ஏறினால் பெறுமதி பெற்றுவிடுகிறது. பத்துப் பேருக்குத் தனித்தனியே தொலைபேசியில் சொன்ன பதிலை இந்தச் சஞ்சிகையில் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் போனது 2019 ஜூலையில். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவித்தொகை கிடைத்தது, மீதியை ஹரோவில் இருக்கும் மாமி பொறுப்பெடுத்தார். தங்கியதும் அவர் வீட்டில்தான். மூன்று வாரப் பாடநெறி. காலையில் விரிவுரை, மதியத்துக்குப் பிறகு செய்முறை அல்லது நகரத்துக்குள் ஒரு நடை. பெற்றோர் முதலில் கேட்கும் விடயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழுவதற்கு அறை இருந்தது. ஜூலையில் அங்கே மஃரிப் ஒன்பது மணி தாண்டித்தான், ஆகவே வீட்டுக்கு வந்து தொழ நேரம் தாராளமாக இருந்தது. பகலுணவுக்குப் பெரும்பாலும் முட்டை, சீஸ் வைத்த சாண்ட்விச். ஆண்களும் பெண்களும் கலந்த வகுப்பு. என் ஹிஜாப் பற்றி யாரும் தொல்லை தரவில்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் அதில் கதை இல்லை.

கதை இருப்பது வகுப்பு நடந்த பகுதியில். காலையில் ஹரோவில் பேக்கர்லூ ரயிலில் ஏறி செயரிங் கிராஸில் இறங்கினால், ஸ்ட்ராண்ட் என்ற வீதி. அந்த வீதியோடு கிழக்கே நடந்தால் பெயர் மாறி ஃப்ளீட் வீதியாகும். இங்கிலாந்துப் பத்திரிகைகளின் தெரு அது. இப்போது பத்திரிகை ஒன்றும் அங்கே அச்சாவதில்லை. 1986இல் பெரிய அச்சகங்கள் வொப்பிங் பக்கம் போகத் தொடங்கின, 2005இல் ரொய்ட்டர் நிறுவனமும் கிளம்பிவிட்டது. ஆனால் அந்தத் தெருமுனையில் 1702 மார்ச் 11ஆம் திகதி இங்கிலாந்தின் முதல் நாளிதழ் 'டெய்லி கூரன்ட்' வெளிவந்தது. ஒரே ஒரு தாள், இரண்டு பத்தி. அதை வெளியிட்டவர் எலிசபெத் மாலட் என்ற பெண். தாளில் அவர் முழுப்பெயர் இல்லை, முதலெழுத்தோடு 'ஈ. மாலட்' என்று மட்டும்தான். செய்தியைத் தருவேன், என் கருத்தைத் தரமாட்டேன், யோசிக்கும் அறிவு வாசகருக்கு உண்டு என்பதே அவர் கொள்கை. 'டீவியில போய் நிக்கவா' என்று கேட்கும் வாப்பாமாருக்கு இந்தப் பெண்மணியை அறிமுகப்படுத்த எனக்கு எப்போதும் ஆசை. முகத்தையே காட்டாமல் ஒரு நாட்டின் நாளிதழ் வரலாற்றைத் தொடக்கி வைத்தவர் அவர்.

ஸ்ட்ராண்ட் வீதியிலேயே மார்கோனி ஹவுஸ் இருந்தது. பிபிசியின் முதல் ஒலிபரப்பு 1922 நவம்பர் 14இல் அங்கிருந்துதான் போனது. மூன்று வருடமும் ஒரு மாதமும் கழித்து, 1925 டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கிவிட்டது. நாம் அவ்வளவு பின்தங்கியவர்கள் அல்லர் என்பதை அங்கே போய்த்தான் எண்ணிப் பார்த்தேன். அதே பக்கம் புஷ் ஹவுஸ். இப்போது கிங்ஸ் கல்லூரியின் வகுப்பறைகள் அதற்குள் இருக்கின்றன. 2012 வரை பிபிசி உலக சேவை இருந்த கட்டடம் அது. வாசலுக்கு மேலே, ஆங்கிலம் பேசும் மக்களின் நட்புக்கு அர்ப்பணம் என்ற கருத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த வாசலுக்குள் இருந்துதான் தமிழோசை பல பத்தாண்டுகள் நம் வீடுகளுக்கு வந்தது! 1941இல் யுத்த காலச் செய்தி மடலாகத் தொடங்கிய சேவை அது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். 2017 ஏப்ரலில் வானொலி ஒலிபரப்பு நின்றது. எங்கள் உம்மம்மா பகலில் முஸ்லிம் சேவையின் மாதர் மஜ்லிஸும் இரவில் தமிழோசையும் கேட்டு வளர்ந்தவர். நாட்டில் என்ன நடக்கிறது என்பதை நாட்டுக்கு வெளியே இருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை அது. ஏன் அப்படிக் கேட்க வேண்டி வந்தது என்ற கேள்வியே ஊடகக் கற்கையின் பாதி.

வகுப்பில் முதல் வாரம் முழுக்க ஒருவர் பெயர் அடிபட்டது. ஸ்டுவர்ட் ஹோல். ஜமைக்காவில் பிறந்து, 1951இல் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்ஃபோர்ட் வந்து, பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாசாரக் கற்கை என்ற துறையையே கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். 1973இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்னதை எளிமையாகச் சொன்னால் இப்படி: செய்தியை ஆக்குபவர் ஒரு கருத்தைப் பொதிந்து அனுப்புகிறார், கேட்பவர் அதைத் தன் அனுபவம், தன் பயம், தன் சமூகம் ஆகியவற்றை வைத்துப் பிரித்துப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்பார்கள், சிலர் முழுதாக எதிர்த்துப் படிப்பார்கள்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். நான் அன்று ரயிலில் திரும்பி வரும்போது அம்பாறையை நினைத்தேன். 2018 பெப்ரவரி இறுதியில் அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. சாப்பிட வந்தவர்கள், இது மலட்டுக் குளிசையா, போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், கேட்டது விளங்காமல், ஆம் போட்டோம் என்பதுபோல ஏதோ சொன்னார். அது கைபேசியில் பதிவாகி நாடெங்கும் ஓடியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்தால் அது மாவுக்கட்டி! அப்படி ஒரு குளிசையே உலகத்தில் கிடையாது என்பதையும் வைத்தியர்கள் சொன்னார்கள். சொன்னது யாருக்குக் கேட்டது? சில நாட்களில் திகன எரிந்தது. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு, அவசரகாலச் சட்டம், ஒரு வாரமளவில் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கம். அந்தக் காலத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து.

ஒரு மனிதன் வாயிலிருந்து வந்த இரண்டு சொல்லை, ஏற்கெனவே ஊட்டப்பட்டிருந்த பயம் எப்படிப் பிரித்துப் படித்தது என்பதற்கு ஹோலின் கட்டுரைக்குக்கூட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைத்திருக்காது. எங்கள் ஊரிலும் அந்த வாரம் கடைகள் பூட்டியிருந்தன. இரவில் ஆண்கள் பள்ளிவாசலில் விழித்திருந்தார்கள். உம்மா காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். அன்று எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். அந்தப் பயம் எந்த வழியில் வந்தது என்று பார்க்க ஒரு பாடம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுப் பத்திரிகையின் முன்பக்கம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பிரேசில், இத்தாலி, சீனா, துருக்கி என்று பல பிள்ளைகள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நான் கொண்டுபோனது அந்த மே மாதம் ஒரு சிங்கள நாளிதழில் வந்த முன்பக்கம். ஒரு வைத்தியர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்ற செய்தி. வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் நாட்டைத் தெரியாது, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது.

அவர்கள் அனுதாபப்படவில்லை, கேள்வி கேட்டார்கள். அதுதான் எனக்கு மருந்தாக இருந்தது. நாலாயிரம் என்ற எண்ணை யார் எண்ணினார்? இந்தத் தகவலைச் சொன்னவர் யார், பெயர் இருக்கிறதா? இல்லை, பெயர் சொல்லாத வட்டாரம். வைத்தியரின் பெயர் இருக்கிறதா? அதுவும் இல்லை. ஆனால் அவரை ஓர் இயக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் அடைமொழி மட்டும் இருக்கிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவர் தனியாகவா நிற்பார்? தாதிமார், மயக்க மருந்து கொடுப்பவர், உதவி வைத்தியர், இவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா? வைத்தியர் தரப்பில் என்ன சொன்னார்? அரை மணித்தியாலத்தில் அந்த முன்பக்கம் பிரித்துப்போட்ட கடிகாரம் மாதிரி மேசையில் கிடந்தது. ஜூன் இறுதியிலேயே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்திருந்தது என்பதை நான் கடைசியில்தான் சொன்னேன். ஆனால் அதற்குள் அந்த மனிதர் சிறையில், அவர் குடும்பம் வீடு மாறி. பின்னர் 2022இல், நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, தனக்குக் கிடைத்த சம்பள நிலுவையை மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியை உங்களில் எத்தனை பேர் முன்பக்கத்தில் பார்த்தீர்கள்?

இன்னொரு நாள் எட்வர்ட் சைட் 1981இல் எழுதிய நூல் பேச்சுக்கு வந்தது. அதன் தலைப்பில் ஆங்கிலத்தில் 'கவரிங் இஸ்லாம்' என்று இருக்கும். 'கவர்' என்றால் செய்தி சேகரிப்பது, 'கவர்' என்றால் மூடுவது. இரண்டையும் சேர்த்தே அவர் சொல்கிறார்: மேற்கு ஊடகம் இஸ்லாத்தைச் செய்தியாக்கும் விதத்திலேயே அதை மூடிவிடுகிறது என்று. விரிவுரையாளர் இதை விளக்கியபோது எல்லாரும் என் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களுக்கும்.

இவ்வளவு வாசித்த பிறகு, மற்றவர்கள் நம்மைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள், அதைப் பிடிக்கத்தான் ஊடகப் பாடம் என்று யாரும் எடுத்துக்கொண்டால் பாதியோடு நிற்கிறார்கள். மற்றப் பாதி நம் கைபேசிக்குள் இருக்கிறது. சந்திரனில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே அதான் சத்தம் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையை நம்மில் கேட்காதவர் யார்? அவரே பல தடவை மறுத்தார். 1983இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளில் இருந்த தன் தூதரகங்களுக்கு மறுப்பு எழுதி அனுப்பியது. ஆனாலும் போன ரமழானில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அது ஒலிப்பதிவோடு வந்தது. கீழே பதினைந்து பேர் 'மாஷா அல்லாஹ்'. நமக்குக் கசப்பான செய்திக்கு ஆதாரம் கேட்கிறோம், இனிப்பான செய்திக்குக் கேட்பதில்லை. அம்பாறையில் அந்தக் கூட்டம் செய்ததும் இதே வேலைதான், அவர்களுக்கு இனித்தது வேறொன்று.

இதில் எனக்கு உண்மையான ஆதங்கம் இருக்கிறது. ஊடகப் பாடத்தில் 'மூலத்தைச் சோதித்தல்' என்று ஒரு பகுதி வரும். வெளிநாட்டு விரிவுரையாளர் அதை மிகவும் நவீனமான விடயம் போலத்தான் கற்பித்தார். நான் கை உயர்த்தி இஸ்னாதைப் பற்றிச் சொன்னேன். ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன்னால் அதை யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்திருக்க முடியுமா, அறிவிப்பவரின் ஞாபகசக்தி எப்படி, நாணயம் எப்படி என்று பார்ப்பதற்காகவே தனி ஒரு கலையை நம் இமாம்கள் வளர்த்தார்கள். ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை எழுதிவைத்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனம் என்றால், கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பலவீனம் என்றே எழுதினார்கள். செய்தி ஒன்று வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குச் சொல்லியிருக்கிறது. வகுப்பு அமைதியாகக் கேட்டது. துருக்கிப் பிள்ளை எழுதிக்கொண்டது. அஹதிய்யாவில் இதை மனப்பாடம் செய்த நம் பிள்ளைகள், அதே பின்னேரம் அனுப்பியவர் யாரென்று தெரியாத குரல் பதிவை ஐந்து குழுவுக்குத் தட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே தலைக்குள் சேர்த்துவைக்க உதவும் பாடம் நம் பாடசாலையிலேயே இருக்கும்போது, அதை 'ஒன்றும் வராதவர்களின் பாடம்' என்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் இறுதியில் முகத்தை மூடுவது அவசரகால விதிகளின்கீழ் தடைசெய்யப்பட்டது. அடுத்த வாரங்களில் நான் பார்த்த தொலைக்காட்சி விவாதங்களில் முஸ்லிம் பெண்ணின் உடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கள் ஆண்களும் இருந்தார்கள், மற்றவர்களின் ஆண்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு கொவிட் மரணங்களில் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோதும் இதுவே. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த நிலை நீடித்தது. எரிக்கப்பட்ட குழந்தையின் தாய் என்ன சொன்னாள் என்பதை அவள் பக்கத்தில் இருந்து, அவள் மொழியில் கேட்டு எழுத ஒரு முஸ்லிம் பெண் நிருபர் வேண்டும். இத்தா இருக்கும் விதவையின் அறைக்குள் எந்த ஆண் நிருபர் போவார்? வெள்ளம் வந்து பாடசாலையில் தங்கியிருக்கும் பெண்களிடம் மலசலகூடத்தைப் பற்றி யார் கேட்பார்? நாம் பிள்ளையை அனுப்பாத இடத்தில் வேறு யாரோ நின்று நம் கதையை எழுதுகிறார்கள். 1882இல் சித்திலெப்பை அவர்கள் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' நடத்தியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். நூற்று நாற்பது வருடம் ஆகிறது. அந்தப் பத்திரிகையின் பேத்திகள் எங்கே?

கெமராவுக்கு முன்னால் நிற்பது இந்தத் துறையின் மிகச் சிறிய பகுதி. தரவுகளைச் சரிபார்ப்பவர், செவ்வை பார்ப்பவர், வானொலிப் பிரதி எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், ஆவணப்படத்தைத் தொகுப்பவர் என்று வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளும் ஏராளம். இதை நீட்டவில்லை. வேலை விபரம் கேட்டு வருபவர்களுக்குத் தனியே சொல்கிறேன்.

இனி அந்தத் தொலைபேசிக் கேள்விக்கு வருவோம். லண்டனுக்கு அனுப்பலாமா? காசு இருந்தால், தங்க நல்ல இடம் இருந்தால், பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். பல நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து நம் நாட்டின் முன்பக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் அனுபவம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சயன்ஸ் மியூசியத்தில் பிபிசியின் அந்த முதல் லண்டன் ஒலிபரப்புக் கருவியைக் கண்முன்னே பார்த்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் கடன் வாங்கி அனுப்பாதீர்கள், நகையை அடகு வைத்து அனுப்பாதீர்கள். மூன்று வாரத்தில் தந்த சான்றிதழ் தடித்த காகிதத்தில் அழகாக இருக்கிறது. இதுவரை எந்த நேர்முகப் பரீட்சையிலும் யாரும் அதை இரண்டாம் தடவை திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாடநெறிக்கும் அதன் குருட்டுப் பக்கங்கள் இருந்தன. உலகத்தின் நடு தாங்கள் இருக்கும் நகரம்தான் என்று அது நம்பியது. ஆசியாவும் ஆபிரிக்காவும் ஒரே ஒரு நாள் பின்னேரத்தில் முடிந்துவிட்டன. தமிழ்ப் பத்திரிகை, சிங்களப் பத்திரிகை என்று உலகத்தில் உண்டு என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே கற்ற கேள்விகளை நம் மொழிகளில் கேட்டுப் பார்க்கும் வேலை ஊருக்கு வந்த பிறகுதான் தொடங்கியது.

அந்த வேலைக்குச் செலவு மிகக் குறைவு. என் வகுப்பில் மாதம் ஒரு நாள், ஒரே திகதியில் வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையும் ஒரு சிங்களப் பத்திரிகையும் வாங்குவோம். ஒரே சம்பவத்தை இரண்டும் எந்தப் பக்கத்தில், எவ்வளவு இடத்தில் போட்டிருக்கின்றன என்று அடிமட்டத்தால் அளப்போம். 'உயிரிழந்தனர்' என்று எழுதியது யார், 'கொல்லப்பட்டனர்' என்று எழுதியது யார்? சந்தேக நபரின் இனம் எந்தச் செய்தியில் வருகிறது, எந்தச் செய்தியில் வரவில்லை? யாருடைய வாய்மொழி மேற்கோளாக வந்திருக்கிறது, யாரைக் கேட்கவே இல்லை? முதல் மாதம் பிள்ளைகள் தமிழ்ப் பத்திரிகையை விட்டுவிட்டுச் சிங்களப் பத்திரிகையின் குறையை மட்டும் பிடித்தார்கள். மூன்றாம் மாதம் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்கட பேப்பரிலயும் அவங்கட ஆக்கள ஒருத்தரையும் கேக்கல்லதானே" என்றது. லண்டனில் நாங்கள் இரண்டாம் வாரத்தில்தான் அந்த இடத்துக்கு வந்தோம்.

ஒரு தடை உண்டு, அது சிங்களம். சிங்களப் பத்திரிகையை வாசிக்க எட்டில் மூவரால்தான் முடிகிறது, அவர்களும் எழுத்துக் கூட்டித்தான். அம்பாறைக் கடைக்காரருக்கு அந்த ஒரு வசனம் விளங்கியிருந்தால் அன்றிரவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஆங்கில வகுப்புக்கு மாதம் இவ்வளவு என்று ஒதுக்கும் வீடுகள் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு ஐந்து ரூபாவும் ஒதுக்குவதில்லை. ஊடகம் படிக்க லண்டன் போகாவிட்டால் ஒன்றும் குறையாது. பக்கத்து ஊர்ப் பத்திரிகையை வாசிக்கத் தெரியாவிட்டால் நிறையக் குறையும். ஆகவே கோடைகாலப் பாடநெறிக்கென்று எடுத்துவைத்த பணம் யாரிடமாவது இருந்தால், அதில் சிறு பகுதியைக் கொண்டு பிள்ளையை இரண்டு வருடம் நல்ல சிங்கள ஆசிரியை ஒருவரிடம் விடுங்கள் என்பதே என் நேர்மையான பதில். மாமி இதை வாசித்தால் கோபிப்பார், பரவாயில்லை.

இந்த வருடம் உயர்தர ஊடகப் பாடத்துக்குப் பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்கு படிவங்களில் பெற்றோரின் கையொப்பம் இன்னும் இல்லை. படிவங்கள் அலுவலகத்தில், பிரதி அதிபரின் மேசையில், நீலக் கோப்பில் இருக்கின்றன. வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணி வரை நானும் அங்கே இருப்பேன்.